மொன்றியல் சாய்கூரையில் ஃபோம் பலகைக்கு எது இடம்?

மொன்றியலில் கூரை என்றால் நெடுங்காலம் தீயைப் பற்றிய கவலைதான். 1721 இல் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. 1727 இல் நியூ பிரான்சின் நிர்வாகியாக இருந்த குளோட்-தோமா துபுயி ஓர் ஆணை பிறப்பித்தார்: நகர வீடுகள் கல்லால் எழும்ப வேண்டும், மரச்சீவல் வேய்ந்த கூரை கூடாது, மரத்தை அடுக்கிக் கட்டும் மான்சார்ட் கூரையும் கூடாது. குளிரைத் தடுப்பது அன்று அடுப்பின் வேலை; கூரையிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. இன்று நிலைமை தலைகீழ். கூரைக்காரர் வந்து ஷிங்கிளை மாற்றக் கணக்குப் போடும்போது, வீட்டுக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி "அதோடு இன்சுலேஷனும் போட்டுவிடலாமா?" என்பது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கடினமான ஃபோம் பலகைகள் சந்தைக்கு வந்து குவிந்திருக்கின்றன. அவற்றைப் போடலாமா, போட்டால் கூரையின் எந்த அடுக்கில் போடுவது என்பது கேட்பதற்குச் சிறிய கேள்வி. பதில் அவ்வளவு சிறியதல்ல.

எந்த வீட்டுக் கூரை என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். மொன்றியல் படங்களில் வரும் பிளாற்றோ பகுதியின் மூன்றடுக்கு வீடுகளுக்குப் பெரும்பாலும் சாய்கூரை கிடையாது. வெளியே வளைந்தேறும் இரும்புப் படி, மேலே தட்டைக் கூரை. அவற்றின் கதை வேறு. சாய்கூரையைத் தேடினால் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் போக வேண்டும். 1941 இல் கனடிய அரசு தொடங்கிய போர்க்கால வீடமைப்பு நிறுவனம், ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளருக்கும் பின்னர் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் ஒரே அச்சில் சிறு வீடுகளைக் கட்டித் தள்ளியது. கீழே ஒரு தளம். மேலே கூரைச் சரிவுக்குள்ளேயே ஒடுக்கி வைத்த படுக்கையறைகள். ஒன்றரை மாடி என்று சொல்லலாம். அதன் பிறகு ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை புறநகரெங்கும் எழுந்தவை தணிந்த சரிவும் அதன் அடியில் வெற்று அற்றிக்கும் கொண்ட பங்களாக்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்த எம்மவர்கள் கோத்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் வாடகை அடுக்ககங்களில் இருந்தவரை கூரை, வீட்டுச் சொந்தக்காரரின் தலைவலி. லவாலிலும் டொலார்-டெ-ஓர்மோவிலும் வீடு வாங்கிய பிறகு அது நம்முடையதாயிற்று.

பிறந்த ஊர்க் கூரையின் அறிவு இதற்குக் கைகொடுக்காது. யாழ்ப்பாணத்து ஓட்டுக் கூரையின் பலமே அது காற்றை விடுவதுதான். சூடான காற்று மேலேறி ஓட்டிடுக்கால் போய்விடும், கீழே ஆள் சுகமாக இருப்பார். மொன்றியலில் அதே மேலேற்றம்தான் எதிரி. விளக்குக் குழி, புகைபோக்கி ஓரம், குழாய் ஏறும் துளை, அற்றிக் கதவின் விளிம்பு என்று கிடைத்த வழியால் சூடான காற்று கசிந்து வெளியேறும். அதற்கு ஈடாக நிலவறைப் பக்கம் குளிர்காற்று உள்ளே இழுபடும். ஜனவரிச் சராசரி வெப்பநிலை சுமார் -10 பாகை செல்சியஸ். 1957 ஜனவரியில் -37.8 வரை இறங்கியதும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு மீற்றருக்கு மேல் பனி கொட்டும் ஊர் இது.

போகிற காற்று வெப்பத்தை மட்டும் கொண்டுபோனால் நட்டம் மின்கட்டணத்தோடு முடிந்துவிடும். அது ஈரத்தையும் கொண்டுபோகிறது. 20 பாகையில், 40 சதவீத ஈரப்பதம் உள்ள வீட்டுக் காற்று 6 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகக் கோர்க்கத் தொடங்கும். இட்லிப் பானை, சோற்றுப் பானை, நிலவறையில் காயும் துணி என்று நம் வீடுகளில் ஈரத்துக்குக் குறைவில்லை. கூரைப் பலகையின் அடிப்பக்கம் -10 இல் இருக்கும்போது அந்தக் காற்று அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டாம்: முதலில் வெண்பனி, வசந்தத்தில் சொட்டு நீர், சில ஆண்டுகளில் கறுத்த பிளைவுட். கட்டட அறிவியல் நூல்களில் அடிக்கடி வரும் ஒரு கணக்கு உண்டு. நாலடிக்கு எட்டடி டிறைவோல் பலகை ஒன்றின் ஊடாக ஒரு குளிர்காலம் முழுதும் பரவி நுழையும் ஈரம் அரை லீற்றருக்கும் குறைவு. அதே பலகையில் ஓர் அங்குலச் சதுரத்தில் ஓட்டை இருந்தால், காற்றோடு போகும் ஈரம் ஏறத்தாழ 28 லீற்றர். எத்தனை அங்குல ஃபோம் என்று கேட்பதற்கு முன் காற்று எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இறவாரத்தில் தொங்கும் பனிக்கட்டிக் கூம்புகளுக்கும் இதே காற்றுதான் பெரும்பாலும் காரணம். கசிந்த வெப்பம் கூரை நடுவில் பனியின் அடியை உருக்குகிறது. உருகிய நீர் சரிவில் இறங்கி, அடியில் வெப்பமில்லாத இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைகிறது. அப்படி அணை எழும்ப, பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியால் ஏறி வீட்டுக்குள் வருகிறது. பனியே ஒரு வெப்பக்காப்பு என்பது இதில் உள்ள குறும்பு. கூரையில் பனி தடிக்கத் தடிக்க அடிப்பக்கம் சூடாகும், உருகுவதும் கூடும். அமெரிக்க இராணுவத்தின் குளிர்ப்பிரதேச ஆய்வுக்கூடத்தில் வேன் ரோபியாசன் கண்டது இது: வெளியே -5.5 பாகைக்குக் கீழே இருக்கும்போது அற்றிக்கை -1 பாகைக்கு மேல் ஏறவிடாமல் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. கூரையில் மின்கம்பி ஓட்டி உருக்குவதை ஒவ்வோர் ஆண்டும் விற்கிறார்கள். நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் வேலை அது.

இனிப் பலகைகள். கடைகளில் மூன்று வகை கிடைக்கும். வெள்ளை மணிகள் ஒட்டிய விரிபொலிஸ்ரைரீன்: அங்குலத்துக்கு ஆர் எண் (வெப்பத்தைத் தடுக்கும் அளவு) ஏறத்தாழ 4. நீலம், இளஞ்சிவப்பு நிறங்களில் வரும் அழுத்திப் பிதுக்கிய பொலிஸ்ரைரீன்: 5. தகட்டுத்தாள் ஒட்டிய பொலிஐசோசயனுரேற், சுருக்கமாகப் பொலிஐசோ: 6 அளவில். கியூபெக் கட்டட விதி 2012 ஆகஸ்ட் 30 முதல் புதிய சிறு வீடுகளின் கூரைக்கு ஆர்-41 கேட்கிறது. பழைய வீட்டை அது கட்டாயப்படுத்தாவிட்டாலும் எல்லாரும் குறிவைக்கும் எண் அதுதான். ஃபோமால் மட்டும் அதை எட்ட வேண்டுமானால் வெள்ளைப் பலகை பத்து அங்குலம், நீலப் பலகை எட்டு அங்குலம், பொலிஐசோ ஏழு அங்குலம். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸ் என்றால் பன்னிரண்டு அங்குலம் போதும், விலையும் பல மடங்கு குறைவு.

பொலிஐசோவின் 6 என்ற எண்ணை இந்த ஊரில் அப்படியே நம்பக் கூடாது. அது அறை வெப்பநிலையை ஒட்டி அளந்த எண். பலகையின் நுண்ணறைகளில் அடைத்திருக்கும் பென்ரேன் வாயு கடுங்குளிரில் திரவமாகத் தொடங்கும். அப்போது வெப்பத் தடை குறையும். மற்ற எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கிய மாணவன், தேர்வு நாளில் காய்ச்சலில் படுப்பது போல. பொலிஸ்ரைரீன் இதற்கு நேரெதிர். குளிரக் குளிர அதன் தடை சற்றுக் கூடும். ஆகவே இரண்டையும் சேர்ப்பவர்கள் பொலிஐசோவை உட்பக்கமும் வெள்ளைப் பலகையை வெளிப்பக்கமும் வைப்பது புத்திசாலித்தனம். மொன்றியலில் பொலிஐசோவுக்கு அங்குலத்துக்கு 5 என்று போட்டுக் கணக்குப் பார்ப்பதே என் பரிந்துரை.

அந்த நுண்ணறைகளுக்குள் இருக்கும் வாயுவுக்கும் இந்த நகருக்கும் நேரடி உறவு உண்டு. ஃபோமை ஊதி எழுப்ப முன்பு பயன்பட்டவை குளோரோஃபுளோரோகாபன்கள். அவை ஓசோனை அரிக்கும் என்று 1974 இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியலில் கையொப்பமான உடன்படிக்கை அவற்றை உலகமெங்கும் ஒழிக்க வழிவகுத்தது. பொலிஐசோ இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பென்ரேனுக்கு மாறிவிட்டது. நீல, இளஞ்சிவப்புப் பலகைகள் மட்டும் ஓசோனை விட்டுவிட்டுப் புவிவெப்பத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஏறிய எச்எஃப்சி-134ஏ வாயுவின் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு. கனடா 2021 ஜனவரி 1 முதல் இத்தகைய ஃபோமில் அந்தத் திறன் 150 ஐத் தாண்டக் கூடாது என்று விதித்தது. உடன்படிக்கை எழுதியதோடு கதை முடிந்துவிடவில்லை. தடைசெய்த சிஎஃப்சி-11 வாயுவின் வெளியேற்றம் மறுபடி கூடுகிறது என்று 2018 இல் ஆய்வாளர் கண்டனர். அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வந்தது என்பது மறு ஆண்டு தெரிந்தது. சந்தேகம் விழுந்ததும் இன்சுலேஷன் ஃபோம் தயாரிப்பின் மேல்தான்.

பலகை எங்கே போகும் என்பதற்கு நான்கு விடைகள் புழக்கத்தில் உள்ளன.

வெற்று அற்றிக் உள்ள பங்களாவில் அற்றிக் தரையில் விரிப்பது ஒன்று. இங்கே ஃபோம் பலகை தேவையில்லாத இடத்தில் புகுந்த விருந்தாளி. ஓட்டைகளை அடைத்து, இறவாரத்துக் காற்று வழியை மறிக்காமல் தடுப்பு வைத்து, மேலே செல்லுலோஸ் ஊதினால் வேலை முடிந்தது. அற்றிக் கதவின் முதுகில் மட்டும் ஒரு துண்டு பலகை ஒட்டலாம்.

கைமரங்களுக்கு இடையே பலகையை வெட்டிச் செருகுவது இரண்டாவது. தாமாகவே வேலை செய்யும் வீட்டுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த முறை. எனக்கு அறவே பிடிக்காத முறை. கைமரம் எதுவும் நேர்க்கோட்டில் இருப்பதில்லை. ஒவ்வொரு துண்டின் நான்கு ஓரத்திலும் நுரை அடித்து மூட வேண்டும். மரம் குளிரில் சுருங்கிக் கோடையில் விரிய, அந்த ஓரங்கள் மெல்ல விரிசல் விடும். மேலே காற்றோட்டம் இல்லாமல் பலகையைக் கூரையோடு ஒட்டி அடைத்திருந்தால், விரிசலால் போகும் ஈரத்துக்கு வெளியேற வழியே இல்லை. கைமரமும் வெப்பத்தைத் தடையின்றிக் கடத்திக்கொண்டே இருக்கும்.

கைமரங்களுக்கு அடியில், அறையின் பக்கம் பலகை அடிப்பது மூன்றாவது. இது யோக்கியமான வழி. கைமரத்தின் ஊடான கடத்தலை அறுக்கும். தகட்டுத்தாள் ஒட்டிய பலகையின் மூட்டுகளை நாடாவால் ஒட்டினால் காற்றையும் நீராவியையும் ஒருசேரத் தடுக்கும். விதிப்படி இன்சுலேஷனுக்கும் கூரைப் பலகைக்கும் இடையே 63 மில்லிமீற்றர் காற்று வெளி வேண்டும். ஒன்றரை மாடி வீட்டில் கைமரம் 140 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். காற்று வெளி போக மிஞ்சும் 77 மில்லிமீற்றரில் கனிமப் பஞ்சு வைத்தால் ஆர்-12 கிடைக்கும். ஆர்-41 க்கு மீதி 29 ஐப் பொலிஐசோவால் நிரப்ப ஏறத்தாழ ஆறு அங்குலம். ஏற்கெனவே தலை இடிக்கும் படுக்கையறையில் சரிவெங்கும் ஆறு அங்குலம் கீழே வந்தால் அலுமாரியும் கட்டிலும் எங்கே போகும்? பலர் இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தவறல்ல.

கூரைப் பலகைக்கு மேலே, வெளிப்பக்கம் அடுக்குவது நான்காவது. அறிவியல் முழுவதும் இதன் பக்கம். ஷிங்கிளை உரித்து, பிளைவுட்டின் மேல் காற்றுத் தடை உறை ஒட்டி, அதன் மேல் மூட்டுகள் மாறி விழும்படி இரண்டு அடுக்கு ஃபோம், மேலே நீளத் திருகாணியால் கைமரத்தோடு பிணைத்த சிலாகை, சிலாகைகளுக்கு இடையே காற்று வழி, மறுபடி பிளைவுட், இறவார ஓரத்தில் ஒட்டும் நீர்த்தடை உறை, ஷிங்கிள். வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் சூடான பக்கத்தில் இருந்துவிடுகிறது. காற்றுத் தடை ஒரே தளத்தில், முறியாமல் ஓடுகிறது. கட்டமைப்பின் வெளிப்பக்கத்தில் இன்சுலேஷன் இருக்க வேண்டும் என்ற கொள்கையைக் கனடியத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் என். பி. ஹச்சியன் அறுபதுகளிலேயே கட்டடக் கையேடுகளில் எழுதிவிட்டார். அதை ஒரு பழைய வீட்டில் செய்து காட்டியவர்கள் ஹரல்ட் ஓரும் ரொப் டூமொன்ரும். 1982 இல் சஸ்கற்றூனில் ஒரு வீட்டின் இறவாரத்தை மரம் அறுக்கும் சங்கிலி வாளால் அறுத்தெறிந்து, சுவரையும் கூரையையும் சேர்த்துப் பொலித்தீனால் போர்த்தி, அதன் வெளியே புதிய இன்சுலேஷனும் புதிய கூரையும் போட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஃபோம் அல்ல, பஞ்சு. ஆனாலும் விசிறி வைத்து அளந்தபோது கசிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. துருத்திக்கொண்டிருந்த இறவாரம்தான் தடை உறையை முறித்துக்கொண்டிருந்தது என்று கண்டுகொண்டதில்தான் அவர்களின் கெட்டித்தனம்.

மேல்முறையிலும் ஒரு பொறி உண்டு. கைமரங்களுக்கு இடையே ஏற்கெனவே பஞ்சு நிறைத்திருக்கும் வீட்டில், மேலே ஒரே ஓர் அங்குல ஃபோமை வைத்துவிட்டு "எதுவும் இல்லாததற்கு இது மேல்" என்று திருப்திப்படக் கூடாது. பிளைவுட் அப்போதும் குளிராகவே இருக்கும். ஆனால் வெளிப்பக்கம் உலர முடியாதபடி மூடிவிட்டோம். அமெரிக்க வீட்டு விதியில் மொன்றியலைப் போன்ற ஆறாம் தட்பவெப்ப வலயத்துக்கு, காற்றோட்டமில்லாத கூரையில் ஆர்-49 என்றால் அதில் 25 கூரைப் பலகைக்கு வெளியே இருக்க வேண்டும். ஏறத்தாழப் பாதி. கியூபெக்கில் அது சட்டமல்ல; இயற்பியலுக்கு எல்லைக்கோடு கிடையாது. உள்ளே பழைய பொலித்தீன் தாள், வெளியே தகட்டுத்தாள் ஃபோம் என்று இரண்டு பக்கமும் அடைத்து நடுவில் மரத்தை வைப்பதும் ஆபத்து. உள்ளே போன ஈரம் எந்தப் பக்கமும் திரும்பாது.

இத்தனைக்கும் பணம் திரும்பி வருமா? நூறு சதுர மீற்றர் கூரை, ஆண்டுக்குச் சுமார் 4,400 வெப்பமூட்டல் பாகை-நாள் என்று எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆர்-12 உள்ள கூரையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கிலோவாற் மணி போகும். ஆர்-41 ஆனால் 1,460. மிச்சம் 3,500 சொச்சம். மாகாண மின்நிறுவனம் ஹைட்ரோ-கியூபெக்கின் மேல்படிக் கட்டணம் கிலோவாற் மணிக்குப் பத்துச் சதத்தை ஒட்டியது. ஆகவே ஆண்டுக்கு 350 டொலர். ஏற்கெனவே ஆர்-28 உள்ள கூரையை 41 ஆக்கினால் மிஞ்சுவது 68 டொலர் மட்டும். பல்லாயிரம் டொலர் கேட்கும் மேல்முறையை இந்தக் கணக்கு ஒருபோதும் நியாயப்படுத்தாது. மலிவான நீர்மின்சாரம் இந்த மாகாணத்தில் வீட்டைச் சீர்செய்வோரின் உற்சாகத்தைக் கெடுக்கும் வரமாக இருக்கிறது. கணக்கில் வராத பக்கமும் உண்டு. 2023 பெப்ரவரி 3 இல் கடுங்குளிரில் கியூபெக்கின் மின்தேவை 43,000 மெகாவாற்றைத் தாண்டியது; வீடுகளின் மின்சூடேற்றிகள் அதற்குப் பெரும் காரணம். 1998 ஜனவரிப் பனிக்கட்டிப் புயலில் ஹைட்ரோ-கியூபெக்கின் 14 இலட்சம் வாடிக்கையாளர் இருளில் கிடந்தனர். காற்று கசியாத, நன்றாகப் போர்த்திய வீட்டில் மின்சாரம் போன பிறகும் சில நாள் தங்க முடியும். மற்ற வீட்டில் விரைவிலேயே குழாய் உறையத் தொடங்கலாம். ஷிங்கிளை எப்படியும் மாற்ற வேண்டிய ஆண்டில், உரிப்பதற்கும் வேய்வதற்கும் ஆகும் செலவு ஏற்கெனவே தலையில் இருப்பதால், மேல்முறைக்கு உண்மையில் சேரும் செலவு சுருங்கும். அற்றிக் இல்லாத ஒன்றரை மாடி வீட்டுக்கு ஃபோம் பலகை பொருந்தும் நேரம் அதுவே. வேறு நேரத்தில், வேறு வீட்டில் அது ஆடம்பரம்.

ஃபோம் என்ற சொல்லுக்கே கியூபெக்கில் ஒரு பழைய காயம் உண்டு. 1977 இல் மத்திய அரசு உதவித்தொகை கொடுத்து வீடுகளை இன்சுலேற் செய்யச் சொன்னபோது, சுவர்களுக்குள் யூரியா-ஃபோர்மல்டிஹைட் நுரையைப் பீச்சினார்கள். 1980 டிசெம்பரில் அதே அரசு அதைத் தடைசெய்தது. வீடுகளின் விலை சரிந்தது. வீட்டுக்காரர்கள் தொடுத்து மொன்றியலில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கை உயர் நீதிமன்றம் 1991 இல் தள்ளியது. 1995 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. இன்றைய பலகைகளுக்கும் அந்த நுரைக்கும் வேதியியலில் உறவில்லை. ஆனால் வீட்டை விற்கும்போது ஃபோம் என்றதும் வாங்குபவர் ஏன் கண்ணைச் சுருக்குகிறார் என்பது இதில் விளங்கும். பழைய அற்றிக்கைத் திறப்பவர் அஞ்ச வேண்டியது வேறொன்று: சரளை போல மினுங்கும் வேர்மிக்குலைற். மொன்ரானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்ததில் கல்நார் கலந்திருந்தது. ஆய்வுக்கூடப் பரிசோதனை முடியும்வரை அதைக் கிளறக் கூடாது.

தொடக்கத்தில் சொன்ன தீக்கு வருவோம். பொலிஸ்ரைரீன் உருகிச் சொட்டும். பொலிஐசோ கருகும், ஆனாலும் எரியும். 2017 இல் 72 உயிர்களைக் கொண்ட லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீயைப் பரப்பிய முதன்மைக் குற்றவாளி பொலித்தீன் உள்ளடக்கிய வெளித்தகடு. அதற்குப் பின்னால் இருந்த பொலிஐசோ இனப் பலகையும் துணைபோனது. அறைப் பக்கம் அடிக்கும் ஃபோமை டிறைவோலால் மூடாமல் விடக் கூடாது என்ற விதி, ஃபோம் எரியும் என்பதால்தான். அற்றிக்கில் "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று வெறும் பலகையாக விடுவோர் பலர். இன்னொரு சிறு எச்சரிக்கை: தச்செறும்புக்கு ஈரமான மரமும் ஃபோமும் ஒன்றுதான். தின்னாது, குடைந்து குடியிருக்கும்.

அனுமதி விஷயத்தில், கூரை ஆறு அங்குலம் உயர்ந்தால் வீட்டின் முகம் மாறும் என்பதால் பல வட்டாரங்களில் வரைபடம் கேட்பார்கள். கியூபெக் கட்டட ஆணையத்தின் உரிமம் இல்லாத ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. இதைவிடச் சிக்கலானது ஒட்டு வீடுகளின் நிலை. ஒரு பாதிக் கூரை உயர்ந்து மறு பாதி தாழ்ந்திருந்தால் பொதுச் சுவருக்கு நேர்மேலே ஒரு படி விழும். அந்தப் படியை உலோகத் தகட்டால் மடித்து மூட வேண்டும். அதன் பாதி அயலவரின் ஷிங்கிளுக்கு அடியில் போகும், அங்கே தேங்கும் பனியும் அவருடைய பக்கம்தான் உருகும். அயலவர் எழுத்தில் சம்மதித்தால் இரண்டு கூரையையும் ஒரே ஆண்டில் உரிப்பது நல்லது. சம்மதிக்காவிட்டால் வெளிப்பக்கத்தை மறந்துவிட்டு, அறைப் பக்கத்தில் இரண்டு அங்குலத்தை ஒழுங்காக ஒட்டுவதே வழி.